வெளி வீதி உள்ளே வந்த கதை

மதுரைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது மாட்டுத்தாவணியில்தான். பேருந்து நிலையத்துக்குத் தாவணியின் பெயரா என்று கேட்டுச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவாடை தாவணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அப்படிக் கட்டி வைத்து விலை பேசிய சந்தைக்கும் அதே பெயர் வந்தது. அன்று அது ஊருக்கு வெளியே மாடு விற்ற இடம். 1999 முதல் வெளியூர்ப் பேருந்துகள் வந்து போகும் நிலையம். மாடும் கயிறும் போய்விட்டன. நடத்துநர் மட்டும் இரவு பகலாக அந்தக் கயிற்றின் பெயரைக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஊரில் பொருள் போன பின்பும் பெயர் இருக்கும். ஊருக்குள் போகப் போக இது இன்னும் தெளிவாகும்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி, கோயில் மதிலுக்குள் இருப்பது ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதற்கு அடுத்தது ஆவணி மூல வீதி, அதற்கும் அடுத்தது மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. ஒவ்வொன்றும் நான்கு திசையிலும் கோயிலைச் சுற்றி வருவதால், கீழ மாசி, மேல மாசி, தெற்கு மாசி, வடக்கு மாசி என்று நான்கு நான்காக இருபது வீதிகள். மயிலாப்பூரில் இவை மாட வீதிகள். நெல்லையில் ரத வீதிகள். மதுரையில் மாதங்களே வீதிகளாயின. ஆண்டின் எந்தப் பகுதியில் சுவாமியும் அம்மனும் எந்தச் சுற்றில் வலம் வருவார்கள் என்பதை ஊரின் தரையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆடியில் முளைக்கொட்டு விழாவுக்கு அம்மன் ஆடி வீதியில் வலம் வருவாள். ஆவணி மூல வீதி என்ற பெயர் இன்னும் துல்லியமானது. அதில் மாதத்தோடு நட்சத்திரமும் இருக்கிறது: ஆவணி மாதத்து மூல நட்சத்திரம். பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நடப்பது அந்த நாளில். சித்திரையில் பட்டம் சூட்டிக்கொள்ளும் மீனாட்சி ஆடி முடிய நான்கு மாதம் ஆள்வதும், ஆவணியில் முடி சூடும் சுந்தரேசுவரர் பங்குனி வரை எட்டு மாதம் ஆள்வதும் இங்குள்ள நம்பிக்கை. ஆட்சி மாறும் மாதம், அரசாணையாக ஓலையில் இருக்க வேண்டிய ஒன்று, ஒரு தெருப் பெயராக நகைக்கடைகளின் முகவரியில் நிற்கிறது. அங்கே தாலிக்குப் பொன் உருக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு மூலம் எதுவென்று நினைவு வரும்?

பழைய மதுரைக்காரர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சுவாமி வலம் வரும் சுற்று வீதி, மற்றவை தெரு, ஆள் ஒருவர் பின் ஒருவராகப் போகும் இடம் சந்து. மேல மாசித் தெரு என்று யாராவது எழுதினால் முகம் சுளிப்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ரோடு சேர்ந்தது, சுதந்திரத்துக்குப் பின் அது சாலையாயிற்று. வீதி மட்டும் அந்தக் கலப்பில் சேராமல் தன் வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஆனால் இந்த நாட்காட்டியில் ஒரு பிழை உண்டு. தெரிந்தே விடப்பட்ட பிழை. சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் பெரிய தேர்கள் ஓடுவது மாசி வீதிகளில். இதற்கு ஊரில் சொல்லும் காரணம் திருமலை நாயக்கரிடம் போய் முடிகிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட அவர், மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது வழக்கு. மாசியில் அறுவடை வேலை ஓயாது, சித்திரையில்தான் குடியானவனுக்குக் கை ஓயும், தேர் இழுக்க ஆள் கிடைக்கும் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். விழா மாதம் மாறியது. தேர் பெரியது, அதற்கு அகலமான பாதை மாசி வீதிதான். ஆகவே விழா சித்திரைக்குப் போயிற்று, தேர் மாசியிலேயே தங்கிவிட்டது.

தேர் தந்த இன்னொரு பெயர்தான் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது: வடம்போக்கித் தெரு. தேரின் வடம் மிக நீளம். தேர் மூலைக்கு வந்து திரும்ப வேண்டிய நேரத்தில், முன்னால் வடத்தைப் பிடித்திருக்கும் கூட்டம் நேரே போக ஓர் இடம் வேண்டும்; இல்லையேல் சுவரில் போய் முட்ட வேண்டியதுதான். அந்த வடத்தைப் போக்குவதற்காக விடப்பட்ட தெரு வடம்போக்கி. திருவாரூரிலும் இந்தப் பெயர் உண்டு. நகர அமைப்பு வல்லுநர் ஒருவர் அறிக்கையில் ஒரு பக்கம் எழுதக்கூடிய விஷயத்தை யாரோ ஒரு தேர்த் தச்சனோ கொத்தனோ ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆண்டுக்கு ஒரு நாள் தேவைக்காக ஒரு தெருவையே விட்டுவைத்த ஊர் இது. இன்று அந்தத் தெருக்களில் இரு சக்கர வாகனத்தை நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை.

இனி வெளி வீதி. அந்தப் பெயரில் புதிரே இல்லை. கோட்டைக்கு வெளியே என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் ஊரைத் திருத்தி எழுப்பிய கோட்டைக்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றுக்கும் காவல் பொறுப்பேற்க ஒரு பாளையக்காரர் என்பது வரலாறு. அந்தக் கோட்டையைத்தான் 1763-64இல் யூசுப் கான் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து நின்று காத்தார். காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட அந்தக் கான் சாகிபின் பெயர் கான்சாமேட்டுத் தெருவாகச் சுருங்கி இன்றும் இருக்கிறது. பீரங்கிக்கு அசையாத மதிலை, எண்பது ஆண்டுக்குள் ஒரு கலெக்டர் மண்வெட்டியால் கரைத்துவிட்டார்.

அவர் பெயர் பிளாக்பர்ன். 1830-களின் இறுதியில் ஊர் கோட்டைக்குள் மூச்சு முட்டிக் கிடந்தது. அகழியில் தேங்கிய நீரால் நோய். மதிலை இடித்து அகழியைத் தூர்த்து மனை ஆக்கிக்கொள்பவருக்கு அந்த நிலம் சொந்தம் என்று அவர் அறிவித்ததாகச் சொல்வார்கள். மதில் போயிற்று, அகழி தெருவாயிற்று. அந்த வேலைக்கு நில அளவையாளராக இருந்த மாரட் பெயரில் மாரட் வீதி. வேலையாட்களை மேய்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. மாதங்களும் நட்சத்திரமும் இருந்த வரிசையில் ஒரு துரையும் ஒரு மேஸ்திரியும் வந்து உட்கார்ந்தார்கள். பெயரைப் பார்த்து மாரட் ஏதோ மராட்டியப் பெயர் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன். பெருமாள் மேஸ்திரியைப் பொறுத்தவரை, மண் சுமந்து கூலி வாங்கிய சிவனின் கதை நடந்த ஊரில், மண்வேலை பார்த்த ஒருவர் பெயர் வீதிக்கு வந்தது பொருத்தம்தான். பிளாக்பர்ன் நினைவாக ஊரார் ஒரு விளக்குத் தூண் நட்டார்கள். இன்று விளக்குத்தூண் என்றால் ஒரு கடைவீதி, ஒரு காவல் நிலையம். பிளாக்பர்ன் என்றால் யாருக்கும் தெரியாது.

வெளி வீதிக்கு வெளியே அன்று வயலும் தோப்பும் கண்மாயும்தான். 1875இல் ரயில் வந்தபோது நிலையம் மேல வெளி வீதியில் அமைந்தது. ஊரின் விளிம்பு அது. 2011 வரை மாநகராட்சியின் பரப்பு 52 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு சுமார் 148. வார்டுகள் அதுவரை 72, இப்போது 100. கொத்தளமும் 72, வார்டும் 72 என்று இருந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் பழைய எண் கலைந்ததில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. ஊரின் வெளி என்று பெயரிடப்பட்ட வீதி இன்று ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. அங்கே வீடு உள்ளவர்களை, உள் ஊர்க்காரர்கள் என்றுதான் மற்றவர்கள் சொல்கிறார்கள்.

தொழிலின் பெயரால் தெருவை அழைப்பது மதுரைக்கு இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் என்றே சொல்லலாம். மதுரைக்காஞ்சி பகல் கடைக்கு நாளங்காடி என்றும் இரவுக் கடைக்கு அல்லங்காடி என்றும் பெயர் தருகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிப் பார்க்கும் மதுரையில் துணிக்கு அறுவை வீதி, தானியத்துக்குக் கூல வீதி. அந்தச் சொற்கள் இன்று அகராதியில். துணி பத்துத்தூண் சந்தில். இடைக்காலத்தில் வந்த பெயர்கள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. வெங்கலக்கடைத் தெரு இருக்கிறது. எழுத்தாணிக்காரத் தெரு இருக்கிறது. பனையோலையும் எழுத்தாணியும் பள்ளிப் பிள்ளையின் பையில் இருந்த காலத்தின் பெயர் அது. பிறகு மைக்கூடு வந்தது, பேனா வந்தது, பந்துமுனைப் பேனா வந்தது. இன்று கட்டைவிரல் போதும். அந்தத் தெருப் பிள்ளைகள் எழுத்தாணியைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் விண்ணப்பம் நிரப்பும்போதெல்லாம் அதன் பெயரை எழுதிவிடுகிறார்கள்.

பத்துத்தூண் சந்து என்றேன். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று நாம் சீட்டு வாங்கிப் பார்ப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது எடுத்துப் போனது போக மிஞ்சியது அது. அப்படிப் போகாமல் நின்ற பத்துத் தூண்கள், இன்று உடுப்புக் கடைகளுக்கும் மூட்டை தூக்குவோருக்கும் நடுவே ஒரு சந்தில் நிற்கின்றன. பக்கத்தில் நவபத்கானா தெரு. அரண்மனை வாத்தியங்கள் முழங்கிய மண்டபத்துக்குப் பாரசீகப் பெயர் நௌபத்கானா. தமிழ் வாயில் புகுந்து நவபத்கானா ஆயிற்று. வாத்தியம் இல்லை, வண்டிகளின் ஒலிப்பான் உண்டு.

எழுகடல் தெருவின் கதை இதைவிடச் சோகம். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலில் நீராட விரும்ப, சிவன் ஏழு கடலையும் மதுரையில் ஒரு குளத்துக்கு வரவழைத்தார் என்கிறது திருவிளையாடல். புது மண்டபத்துக்கு எதிரே அந்தக் குளம் இருந்தது. ஏழு கடல் அடங்கிய குளத்தை நாம் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டோம். கோட்டை அகழியைத் தூர்த்ததற்காவது நோய் என்று ஒரு காரணம் இருந்தது. அருகிலேயே விட்டவாசல் இருக்கிறது. மதிலை எல்லாம் இடித்த பின் விடப்பட்ட வாசல் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். மதில் இல்லாத வாசல். அதன் அடியில் இன்றும் ஆள் போகிறது, வண்டி போகிறது.

மேல மாசி வீதியில் 251-ஏ எண்ணுள்ள வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைத் துறந்து அரை ஆடைக்கு மாறினார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் நின்ற இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர். இன்று அது காமராசர் சாலை. சிலை இருக்கிறது, பொட்டல் இல்லை. பொட்டல், மந்தை, சாவடி, மேடு, துறை என்று நிலத்தின் இயல்பைச் சொன்ன ஒட்டுகள் எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டன. காளவாசலில் சூளை இல்லை. 2020 முதல் மேம்பாலம் இருக்கிறது. கீரைத்துறையில் நீங்கள் இறங்கக் கேட்பது துறை அல்ல, நிறுத்தம்.

இவ்வளவையும் ஏக்கத்தோடு மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். பழைய வீதிகளின் அழகான வட்டத்துக்குள் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை. ஆடி வீதி என்ற பெயரை நாவினிக்கச் சொல்கிறோம். 1939 ஜூலை 8 வரை தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் அந்த வீதியில் கால் வைக்க முடியாது. அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போன பிறகே ஆடி என்ற மாதம் ஊர் முழுவதற்கும் பொதுவாயிற்று. எந்தச் சுற்றில் யார் குடியிருக்கலாம் என்பதிலும் சாதிக் கணக்கு இருந்தது. பல தெருக்களின் பெயர்ப் பலகையே அந்தக் கணக்குக்குச் சாட்சி. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1970-களின் இறுதியில், தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டை நீக்க ஆணை வந்தது. பலகையில் வால் போயிற்று. பேச்சிலும் கடைக்காரர் போடும் ரசீதிலும் அது எளிதில் போகவில்லை. ஆனாலும் பலகையில் போனது பெரிய காரியம் என்பது என் எண்ணம். பள்ளிக்குப் போகும் பிள்ளை தினமும் படிப்பது பலகையைத்தான்.

காலனி என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் மதிப்பான முகவரி. அதே சொல் ஒரு கிராமத்தின் பெயருக்குப் பின்னால் தனியாக நின்றால், முகவரியைக் கேட்டவர் அடுத்த கேள்வி கேட்கத் தேவையே இருந்ததில்லை. 2025 ஏப்ரலில், இந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு பெயர் அழிவதில் மகிழத் தக்கதும் உண்டு.

புதிய மதுரைக்கு வருவோம். ஆற்றுக்கு வடக்கே ஊர் பெருகியபோது பெயரிட நாட்காட்டியும் இல்லை, தேரும் இல்லை. வரைபடத்தில் அகலம் இருந்தது. செல்லூரில் 60 அடி ரோடு, அண்ணா நகரில் 80 அடி ரோடு, கே. புதூரில் 120 அடி ரோடு. அதன் கிளைகள் முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு. சங்கப் பாட்டு மதுரைத் தெருவின் அகலத்தைச் சொல்ல ஆற்றைத் துணைக்கு அழைத்தது; நாம் அடிக்கோலை அழைத்தோம். இதில் ஆதாயம் இல்லாமல் இல்லை. எண்ணுக்குச் சாதி கிடையாது. நான்காவது தெருவுக்கு அடுத்தது ஐந்தாவது என்று ஊருக்குப் புதியவரும் கண்டுபிடித்துவிடுவார். தீயணைப்பு வண்டி நுழையும், ஆம்புலன்ஸ் திரும்பும். எழுத்தாணிக்காரத் தெருவிலோ வடம்போக்கியிலோ அதற்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் 80 அடி ரோட்டைப் பற்றிப் பேரனுக்குச் சொல்ல 80 அடி என்பதைத் தவிர எதுவும் இல்லை.

இப்போது அந்த எண்ணும் தேவைப்படுவதில்லை. சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் தெருப் பெயரைச் சொல்லத் தொடங்கினால், "அதெல்லாம் வேணாம்ணே, லொகேஷன் அனுப்புங்க" என்கிறான். அன்று அஞ்சல்காரருக்கு மதுரை-1 என்ற ஒற்றை எண்ணும் வீதிப் பெயரும் போதும். ஆளின் பெயரே கூடப் பல வேளை போதும். இன்று செயற்கைக்கோள் வாசலைக் காட்டுகிறது, பையன் வாசலில் நின்று எந்த மாடி என்று கேட்கிறான். தவறான வீட்டுக்குப் போவது குறைந்திருக்கிறது. வழி கேட்டு நிற்கும் திண்ணைப் பேச்சும் குறைந்திருக்கிறது.

இருந்தாலும் பெயர் பிறப்பது நின்றுவிடவில்லை. தெற்கே போகும் நகரப் பேருந்தில் ஏறினால் நடத்துநர் "கிரைம் பிராஞ்ச் எறங்கு" என்பார். வெளியூர்க்காரர் திடுக்கிட்டுப் பார்ப்பார். குடும்பத்தோடு, காய்கறிப் பையோடு, சிரித்துப் பேசியபடி ஆட்கள் இறங்குவார்கள். காவல் துறை அலுவலகம் ஒன்றின் பெயர் நிறுத்தத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மாட்டுத்தாவணியும் விளக்குத்தூணும் பெயரானது இப்படித்தான். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. எதிரில் இருந்ததை வாய் சொன்னது. அது போன பிறகும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாசி வீதிகள் பொலிவுறு நகர்த் திட்டத்தில் புதுத் தளம் போட்டுக்கொண்டன. சித்திரை வீதிகளில் வாகனத்துக்குத் தடை. மாலையில் மனிதர்கள் மட்டும் நடக்கிறார்கள். வரும் சித்திரையிலும் தேர் மாசி வீதியில்தான் ஓடும்.